ரெஃபரன்ஸுக்கு யார் பெயரைக் கொடுப்பது? மாற்றுத்திறனாளிகள் வேலை தேடும்போது

வேலைக்கு விண்ணப்பிக்கும் மாற்றுத்திறனாளிகளின் ஃபைலில் காகிதத்துக்குக் குறைவே இருக்காது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி மருத்துவக் குழு கொடுத்த சான்று வரை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். இல்லாதது ஒன்றுதான்: "இவர் வேலை செய்து நான் பார்த்திருக்கிறேன், செய்வார்" என்று போனை எடுத்துச் சொல்ல ஓர் ஆள். அவரைத்தான் ரெஃபரன்ஸ் என்கிறார்கள். மருத்துவச் சான்று எது முடியாது என்பதைச் சதவீதம் போட்டுச் சொல்கிறது. எது முடியும் என்று சொல்ல எந்த அலுவலகமும் சான்று தருவதில்லை.

அரசு வேலையின் வழி வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படியும் அதையொட்டிய வழிகாட்டு நெறிகளின்படியும் அங்கே 4 சதவீத இடஒதுக்கீடு, வயது வரம்பில் தளர்வு, தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்று விதிகள் இருக்கின்றன. பிசகினால் வழக்குப் போடலாம். தனியாரில் அப்படியில்லை. ஒரு மனிதவள அதிகாரி பத்து நிமிடம் போனில் பேசி முடிவெடுக்கிறார். அந்தப் பத்து நிமிடத்துக்கான தயாரிப்புதான் இந்தக் கட்டுரை.

காகிதத்தில் கவிழ்கிற இடங்கள்

முதலில் பெயர். நம் ஊர் இனிஷியல் வழக்கம், விண்ணப்பத்தில் எழுதியது உண்மையா என்று பார்க்கும் சரிபார்ப்பு நிறுவனங்களுக்குப் பெரிய தலைவலி. ஆதாரில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் வரும், பான் அட்டையில் பின்னால் போகும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடியில் இனிஷியலே இருக்காது. நான்கும் ஒரே ஆள்தானா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். வேலை தேடத் தொடங்குவதற்கு முன்பே ஆதார், பான், வைப்புநிதிக் கணக்கு, யூடிஐடி நான்கையும் ஒரு மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் மாற்ற முடியாவிட்டால், விண்ணப்பத்தில் எழுதும் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

யூடிஐடி அட்டையில் 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம் என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். தற்காலிகச் சான்று வைத்திருப்பவர்கள் அது முடியும் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்கான ஆணை வரும் மாதத்தில் சான்று காலாவதியாகி நிற்பது அடிக்கடி நடக்கிறது. கையில் பழைய அடையாளப் புத்தகம் மட்டும் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு யூடிஐடிக்கு மாறிவிடுவது நல்லது. பெரிய நிறுவனங்களின் படிவத்தில் அந்த 18 இலக்க எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கும்.

யார் கேட்டாலும் அட்டையின் நகலை மட்டும் கொடுங்கள், மருத்துவமனை அறிக்கையைக் கொடுக்க வேண்டாம். நகலின் குறுக்கே எந்த நிறுவனத்தின் எந்த வேலைக்காகக் கொடுத்தது என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வேலைவாய்ப்பு முகாமில் கொடுத்த காகிதம் எங்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

யாரைக் கேட்கலாம், யாரைக் கேட்கக் கூடாது

இரண்டு பேர் வேண்டும். மூன்றாவதாக ஒருவரைக் கைவசம் வைத்திருப்பது பாதுகாப்பு. முன்பு வேலை பார்த்த இடத்தின் மேற்பார்வையாளர்தான் முதல் தேர்வு. முதலாளியைவிட மேற்பார்வையாளர் நல்லவர், ஏனென்றால் உங்கள் வேலையைத் தினமும் பார்த்தவர் அவர்தான்.

வேலை அனுபவமே இல்லாதவர்கள் இங்கேதான் தடுமாறிப் போகிறார்கள். வீட்டைவிட்டு வெளியே வருவதே போராட்டமாக இருந்தவருக்கு முன்னாள் மேலாளர் எங்கிருந்து வருவார்? ஆனால் சம்பளம் வாங்கியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒருவர் உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருக்க வேண்டும், அதை நீங்கள் முடித்துக் கொடுத்திருக்க வேண்டும், அதை அவர் பார்த்திருக்க வேண்டும், இவ்வளவு போதும். ஐடிஐ பயிற்றுநர், கல்லூரி ப்ராஜெக்ட் வழிகாட்டி, டேலி வகுப்பு எடுத்தவர், பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பிய பெற்றோர், டிடிபி வேலை கொடுத்த அச்சகக்காரர், குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவு எழுதச் சொன்ன செயலாளர், மகளிர் குழுவின் வங்கிக் கணக்கைப் பார்க்கவைத்த ஊக்குநர் எல்லோரும் இதில் அடக்கம்.

அப்படிக்கூட யாரும் இல்லையென்றால் ஆளை உருவாக்க வேண்டும். அதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். பக்கத்துத் தொண்டு நிறுவனம், நூலகம், மருந்துக்கடை, ஆடிட்டர் அலுவலகம், எது கிடைத்தாலும் வாரத்தில் இரண்டு அரைநாள், முடிவு தேதி சொல்லிவிட்டு, ஒரே ஒரு குறிப்பிட்ட வேலை. "ஏதாவது உதவி செய்கிறேன்" என்று போனால் டீ வாங்கிவரச் சொல்வார்கள், அல்லது ஒன்றும் செய்யவேண்டாம் உட்காருப்பா என்பார்கள். "உங்கள் பழைய பில்களை எக்செலில் ஏற்றிக் கொடுக்கிறேன்" என்று போனால் அது வேலை. மூன்று மாதத்துக்கு மேல் சம்பளமில்லாமல் தொடர வேண்டாம்; பிறகு அதுவே பழகிப்போய்விடும், அவர்களுக்கு.

சென்னை கிண்டியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம், முட்டுக்காட்டில் உள்ள பன்முகத்திறன் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் பயிற்சி எடுப்பவர்கள் சான்றிதழ் வாங்குவதோடு நின்றுவிடுகிறார்கள். பயிற்சி முடியும் முன்பே பயிற்றுநரிடம் "பிறகு என் வேலையைப் பற்றிக் கேட்டால் சொல்வீர்களா?" என்று கேட்டு வையுங்கள். ஆறு பேட்ச் தாண்டிய பிறகு கேட்டால் அவருக்கு முகம் ஞாபகமிருக்கும், வேலை ஞாபகமிருக்காது.

கேட்கக் கூடாதவர்கள்: சிகிச்சை பார்க்கும் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உறவினர், வார்டு கவுன்சிலர். மருத்துவர் பெயரைப் பார்த்ததுமே பேச்சு நோயின் பக்கம் போய்விடும். கவுன்சிலரின் கடிதம் சிபாரிசாகத்தான் வாசிக்கப்படும். அரசு வேலையில் சேரும்போது கேட்கிற நன்னடத்தைச் சான்றும் இதற்கு உதவாது. உங்கள் மேல் புகார் இல்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

எப்படிக் கேட்பது

பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு தகவல் சொல்வது தவறு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முன்பு கேளுங்கள். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் சார். 2022இல் நம் கடையில் பில்லிங் பார்த்தேன், ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது ஒரு மருத்துவமனையில் பில்லிங் வேலைக்கு எழுதிப் போடுகிறேன். என் வேலையைப் பற்றிக் கேட்க உங்கள் பெயரையும் நம்பரையும் கொடுக்கலாமா? நல்லபடியாகச் சொல்ல முடியும் என்றால் மட்டும் சரி சொல்லுங்கள். சங்கடமாக இருந்தால் சொல்லிவிடுங்கள், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்."

கடைசி இரண்டு வாக்கியம் முக்கியம். நம் ஊரில் நேரே மறுக்க மாட்டார்கள். "தாராளமா குடுப்பா" என்றால் கொடுக்கலாம். "பார்க்கலாம்", "அப்போ பேசிக்கலாம்" என்று பதில் வந்தால் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளிடம் போங்கள்.

சரி என்றதும் ஒரு குறிப்பு அனுப்புங்கள், எட்டு வரிக்கு மேல் வேண்டாம். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன பதவி, செய்த மூன்று வேலைகள், முடிந்தால் ஒரு எண்ணிக்கை, பயன்படுத்திய மென்பொருள், விலகிய காரணம், இப்போது விண்ணப்பிக்கும் வேலை. தேதி மிகவும் முக்கியம். நீங்கள் ஆகஸ்ட் என்று எழுதி அவர் "தீபாவளி வரைக்கும் இருந்தாருன்னு நினைக்கிறேன்" என்றால், பொய் சொன்னது நீங்கள் என்றுதான் பதிவாகும்.

குறைபாட்டைப் பற்றி அவர் என்ன சொல்லலாம்

நல்ல மனதோடு பேசி வேலையைக் கெடுப்பவர்கள்தான் அதிகம். "பாவம் சார், தங்கமான பையன். கால் முடியாட்டியும் எப்படியாவது கஷ்டப்பட்டு வந்துடுவான்." சொன்னவர் பாராட்டியதாக நினைத்துப் போனை வைப்பார். கேட்டவர் காதில் விழுந்தது "பாவம்", "முடியாது", "எப்படியாவது" மூன்றும்தான். வருகை சிக்கல் என்று குறித்துக்கொள்வார்.

அதே முதலாளி, அதே ஆள்: "காலையில் 9 மணிக்குக் கடை திறக்கும்போது கவுண்டரில் இருப்பார். நிற்கிற வேலை கொடுக்கவில்லை, உட்கார்ந்து பில்லிங். பில்லில் தப்பு என்று திரும்பி வந்தது ரொம்ப அபூர்வம்." இதில் குறைபாடு மறைக்கப்படவில்லை. செய்துகொடுத்த ஏற்பாடும் அதனால் கிடைத்த பலனும் அடுத்தடுத்து வருகின்றன, அவ்வளவுதான். குறிப்பில் இந்த வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். பெரும்பாலானோர் நன்றியோடு அதையே வாசிப்பார்கள். பார்வையற்றவருக்கு: "திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானைக் கணினியில் போட்டுக்கொண்டார், அது இலவச மென்பொருள், எங்களுக்குச் செலவில்லை. மெயில், எக்செல் இரண்டும் தானே பார்ப்பார். ஸ்கேன் செய்த காகிதம் மட்டும் வேறொருவர் பார்ப்பார்." முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டதால் மற்றவை நம்பும்படி ஆகின்றன.

போனில் கடைசியாக ஒரு கேள்வி வரும்: "மறுபடி வாய்ப்பு வந்தால் இவரை எடுப்பீர்களா?" இதற்கு முன் சொன்ன எல்லாவற்றையும்விட இந்தப் பதிலுக்கு மதிப்பு அதிகம், பதிலுக்கு முன் வரும் இடைவெளிக்கும்தான். இந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வெளியே தெரியாத குறைபாடு என்றால் வேறு கணக்கு. மனநலப் பிரச்சினை, வலிப்பு, கற்றல் குறைபாடு போன்றவற்றை நீங்கள் சொல்லாத இடத்தில் அவர் சொல்லிவிடக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை அளிப்பவர்களை ரகசியம் காக்கச் சொல்கிறது. முன்னாள் மேலாளர் வாயை அது கட்டாது. எனவே குறிப்பில் நேரடியாக எழுதுங்கள்: "என் உடல்நிலை பற்றி அந்த நிறுவனத்தில் நான் பேசவில்லை. கேட்டால், அதை அவரிடமே கேளுங்கள் என்று சொன்னால் போதும்." பொய் சொல்லச் சொல்லாதீர்கள். "லீவு எடுத்தாரா?" என்று கேட்டால் எடுத்தார் என்று சொல்ல வேண்டியதுதான், காரணம் மட்டும் உங்களுடையது.

போன் வரும் நாள்

சரிபார்ப்பு அழைப்பு பகல் 11 மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து வரும். ட்ரூகாலரில் சிவப்பு நிறத்தில் காட்டும். உங்களுக்காகப் பேச ஒத்துக்கொண்ட மளிகைக் கடைக்காரர் எடுக்கவே மாட்டார். இரண்டு முறை முயன்றுவிட்டு "தொடர்புகொள்ள இயலவில்லை" என்று மூடிவிடுவார்கள். எந்த வாரம் அழைப்பு வரலாம் என்று மனிதவளத் துறையிடம் கேட்டு அவரிடம் முன்பே சொல்லுங்கள். அவருக்கு வசதியான நேரத்தையும் படிவத்தில் எழுதுங்கள்.

நிறுவன மின்னஞ்சல்தான் வேண்டும், ஜிமெயில் ஏற்கமாட்டோம் என்பது இன்னொரு முட்டுக்கட்டை. சிறு கடைக்கு ஏது நிறுவன மின்னஞ்சல்? லெட்டர்பேடில் எழுதிய அனுபவக் கடிதம், முத்திரை, ஜிஎஸ்டி எண், கடையின் விசிட்டிங் கார்டு நான்கையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி முன்கூட்டியே அனுப்பினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

காது கேளாதவர்களுக்கு இந்தப் போன் பழக்கம் முதல் கட்டத்திலேயே குழி பறிக்கிறது. விண்ணப்பத்தில் எண் இருக்கும், அழைப்பார்கள், பதில் இல்லை, அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே வரியில், "வாட்ஸ்அப் செய்தி மட்டும் – காது கேளாதவர்" என்று எழுதுங்கள். நேர்காணலுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரோடு வீடியோ அழைப்பு வேண்டும் என்றால் நாள் குறிக்கும்போதே கேட்க வேண்டும். முந்தின நாள் கேட்டால் பெயர்ப்பாளர் கிடைக்க மாட்டார்.

இடைவெளியும் பி.எஃப். கணக்கும்

அறுவை சிகிச்சை, விபத்து, மன அழுத்தம் என்று ஓராண்டு, ஈராண்டு வேலையில்லாமல் போயிருக்கும். அதை மறைக்கப் பழைய வேலையின் தேதியை இழுத்து எழுதுவது இப்போது பலிக்காது. வைப்புநிதிக் கணக்கின் பணி வரலாற்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருக்கிறது, சரிபார்ப்பு நிறுவனங்கள் அதைத்தான் முதலில் கேட்கின்றன. ஒரு வரி போதும்: "2021 ஜூன் – 2022 மார்ச்: உடல்நலக் காரணமாக இடைவெளி, தற்போது முழுநேர வேலைக்குத் தயார்." நோயின் பெயர் வேண்டாம். இடைவெளியில் செய்த சிறு வேலையோ படிப்போ இருந்தால் அடுத்த வரியில் வரட்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஆலையின் பெயரை எழுதுவார்கள், பி.எஃப். கணக்கில் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். இது பொய்த்தகவல் என்று திரும்பிவரும். "இன்ன ஒப்பந்த நிறுவனம் மூலம், இன்ன ஆலையில்" என்று இரண்டையும் எழுதுங்கள். ரெஃபரன்ஸுக்கு ஆலையின் லைன் சூப்பர்வைசர், தேதிக்கு ஒப்பந்த நிறுவனம் என்று பிரித்துக்கொள்வதே சரி.

பழைய இடத்தில் சண்டை போட்டு வெளியேறியிருந்தால் மனிதவளத் துறை தேதியையும் பதவியையும் உறுதிசெய்தால் போதும். சம்பளச் சீட்டு, படிவம் 16, வங்கிக் கணக்குப் பக்கம் மூன்றும் அதற்கு ஆதாரம். வேலையைப் பற்றிப் பேச, அங்கிருந்து விலகி வேறு இடத்துக்குப் போய்விட்ட டீம் லீடரைத் தேடிப் பிடியுங்கள். விலகியவர்கள் தாராளமாகப் பேசுவார்கள்.

வேலையில் இருக்கும்போதே விபத்தில் குறைபாடு ஏற்பட்டவர்கள் அவசரப்பட்டு ராஜினாமாவில் கையெழுத்திடக் கூடாது. அரசு நிறுவனமென்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவுப்படி உங்களை நீக்கவோ பதவி குறைக்கவோ முடியாது. அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அந்தப் பிரிவு தனியாரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மாற்று வேலை கேட்டு எழுத்தில் ஒரு மெயில் அனுப்பிவிட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எங்கே தேடுவது, என்ன கேட்பது

தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையத்தளம், மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் முகாம்கள், சென்னையில் எபிலிட்டி ஃபவுண்டேஷன் நடத்திவரும் எம்ப்ளாயபிலிட்டி முகாம் ஆகியவை தெரிந்த வழிகள். வேலைவாய்ப்பகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்து ஓராண்டு காத்திருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசின் உதவித்தொகை உண்டு: பத்தாம் வகுப்பு வரை மாதம் 600 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டதாரிகளுக்கு 1,000. பஸ்ஸுக்கும் போட்டோகாப்பிக்கும் ஆகும். "மாற்றுத்திறனாளி கோட்டாவில் வேலை" என்று முன்பணம் கேட்பவர், வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று பதிவுக் கட்டணம் கேட்பவர் இருவரும் திருடர்கள். விசாரித்துப் பார்க்கக்கூட நேரம் செலவழிக்க வேண்டாம்.

முகாம்களில் சம்பளம் சொல்வார்கள், பிடித்தம் சொல்ல மாட்டார்கள். கைக்கு எவ்வளவு வரும், இரவு ஷிஃப்ட் உண்டா, கம்பெனி பஸ்ஸில் படி எத்தனை, தரைத்தளத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். கேட்டால் எடுக்க மாட்டார்களோ என்று வாயை மூடிக்கொண்டு போய், மூன்றாம் நாள் திரும்பி வருபவர்கள் நிறைய.

நேர்காணல் அழைப்பு வந்ததும் தேவையை மூன்று வரியில் எழுதி அனுப்புங்கள். "சக்கர நாற்காலியில் வருகிறேன். தரைத்தளத்தில் அல்லது லிஃப்ட் உள்ள இடத்தில் நேர்காணல் வைக்க வேண்டுகிறேன். வாசலில் படி இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்." ஆன்லைன் தேர்வென்றால் விசைப்பலகையால் மட்டும் எழுத முடியுமா, படத்தைப் பார்த்து எழுத்தை அடிக்கச் சொல்லும் கேப்ட்சா இருக்கிறதா, கூடுதல் நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள், மாதிரித் தேர்வுக்கான இணைப்பை இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும், அதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று அதே உரிமைச் சட்டத்தின் 2017 விதிகள் சொல்கின்றன. அவர் யார் என்று கேட்டு அந்த மெயிலை அவருக்கும் நகல் அனுப்புங்கள். பல இடங்களில் அப்படியொருவர் இருக்க மாட்டார். கேட்ட பிறகு நியமிப்பார்கள்.

இடஒதுக்கீட்டுக்கு வேண்டிய 40 சதவீதக் குறைபாடு இல்லையே, எனக்கு எதுவும் கிடைக்காதே என்று விட்டுவிட வேண்டாம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் எழுத உதவியாளர் கேட்ட வழக்கில், வசதி கேட்கும் உரிமை 40 சதவீதக் கோட்டோடு நின்றுவிடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சேர்ந்த பிறகு

அடுத்த ரெஃபரன்ஸுக்கான வேலை முதல் மாதமே தொடங்குகிறது. வாரக் கடைசியில் செய்ததை நான்கு வரி உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள்; வாடிக்கையாளர் விவரம் எதுவும் அதில் வேண்டாம். நேரில் கேட்ட வசதியை அன்றைக்கே ஒரு மெயிலாக்கிவிடுங்கள். மேலாளர் மாறும்போது, போகிறவரிடம் இரண்டு வரி லிங்க்டின் பரிந்துரை வாங்குங்கள். புதியவருக்கு உங்கள் பழைய வேலை தெரியாது. சம்பளக் கணக்கில் இரண்டு விஷயம் சரிபாருங்கள்: தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்குக் குறைபாட்டுக்காக 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்றால் 1,25,000.

விலகும்போது அனுபவக் கடிதத்தைக் கடைசி நாளில் கேட்டால் அச்சடித்த நான்கு வரிதான் வரும். நோட்டீஸ் கொடுத்த வாரமே வரைவை நீங்களே எழுதி மேலாளரிடம் கொடுங்கள்: பதவி, தேதிகள், மூன்று வேலைகள், பயன்படுத்திய மென்பொருள். குறைபாட்டைக் குறிப்பிடும் வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். "மாற்றுத்திறனாளியாக இருந்தும்" என்று தொடங்கும் பாராட்டையும் சேர்த்துத்தான். கையெழுத்தானதும் ஸ்கேன் எடுத்து, அவருடைய சொந்த எண்ணையும் சொந்த மின்னஞ்சலையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அவரும் நாளை வேறு கம்பெனிக்குப் போய்விடலாம்.